இடது கைக்கான நான்கு பட்டன்கள்

என் பாணிக்கு,

தண்டபாணி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைப் பாதியாகக் குறைத்து உன்னைப் பாணி ஆக்கியவள் நான்தான். அந்த உரிமையில் கேட்கிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் எப்படியடா மறைத்தாய்? இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டலில் விடுமுறை. கொடைக்கானலில் வெள்ளனே பஸ் ஏறி நம் ஊர் கவுஞ்சிக்கு வந்துவிட்டேன். நீ எங்களை விட்டுப் போய்விட்ட இந்த ஆறு மாதத்தில் உன் அறைக்குள் நான் நுழைந்ததில்லை. அன்று ஏனோ நுழைந்தேன். பலகையை அறுத்து, பட்டன் வாங்கிப் பொருத்தி, நம் இரண்டு பேருக்கும் நீயே செய்த கேம் கன்ட்ரோலர்கள் டிவிக்குக் கீழே கிடந்தன. உன்னுடையதில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கத் தோன்றியது. எடுத்துச் செருகினேன்.

இடது கைக்கான நான்கு பட்டன்களும் வேலை செய்யவில்லை. அழுத்தினால் சத்தம் வருகிறது, திரையில் ஆள் அசையவில்லை.

ஒரு பட்டன் மட்டும் போனால் கோளாறு பட்டனில், வரிசையாகப் போனால் பொது வயரில் என்று நீ சொல்வாயே, அது ஞாபகம் வந்தது. எல்லாப் பட்டன்களையும் தொட்டுக்கொண்டு போகும் கறுப்பு வயர் ஓரிடத்தில் கழன்றால் அதற்கப்பால் இருப்பவை எல்லாம் செத்துவிடும். அதைப் பற்றவைத்தால் தீர்ந்தது. உனக்கு ஏதோ செய்யக் கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். உன் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு வயரின் தொடக்கத்திலும் மறு முனையைக் கடைசியிலும் வைத்தேன். பீப் என்றது. வயர் எங்கும் கழன்றிருக்கவில்லை. பிறகுதான் அந்த நான்கு பட்டன்களின் கலர் வயர்களைப் பார்த்தேன். நான்கையும் நேராக வெட்டி, ஒவ்வொரு நுனியிலும் டேப் சுற்றி வைத்திருந்தாய்.

சர்க்யூட் போர்டில் அவை இருந்த இடங்களிலிருந்து புதிய வயர்கள் வேறு பக்கம் போயின. தொடர்ந்து போனேன். பெட்டியின் முன்விளிம்பில், வலது கட்டைவிரல் படும் இடத்தில், நான்கு சின்னப் பட்டன்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய எனக்கு அவை ஒருநாளும் தெரிந்ததில்லை. அழுத்தினேன். திரையில் ஆள் நடந்தான், குதித்தான். வலது கை மட்டுமே போதும் என்று செய்து வைத்திருக்கிறாய்.

அப்படியானால் உன் இடது கை?

உன்னோடு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஜீப் ஓட்டிய ஆன்டனிக்குப் போன் போட்டேன்.

"பாணிக்கு இடது கையில என்ன ஆச்சு?"

"யாருக்கா சொன்னா?"

"அவன் பெட்டியப் பிரிச்சேன். இடது பக்கம் பூராம் வெட்டி விட்டிருக்கான்."

ஆன்டனி அழுதுவிட்டான். "சித்திரையிலயே மரத்துப் போச்சுக்கா. நாந்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். தலைக்குள்ள கட்டின்னாங்க. ஆபரேசனுக்கு நாளும் குடுத்தாங்க. பூண்டு எடுத்ததும் வீட்டுல சொல்றேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டான். அந்த நாளு வர்றதுக்குள்ள…"

"அப்ப அவன் ஜீப் வேலைய விட்டது?"

"கியர் போட கை வரலக்கா. அடுத்தவுக பிள்ளைகளோட உசுருன்னு சாவியக் குடுத்துட்டான்."

ஜீப்பை விட்ட அன்று, "ஒரு சோலியில நெலச்சு நிக்க மாட்டியாடா சோம்பேறி" என்று உன்னைக் கத்தினேன். ஆட்டத்தில் நீ தோற்றபோதெல்லாம், "கை தூங்குதா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீயும் சிரித்தாயே, பாணி. எப்படிச் சிரித்தாய்?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வயலில் நீ விழுந்து கண்மூடுவதற்கு முன் அம்மா உன்னிடம் கடைசியாகச் சொன்னது, "ஏலே, அந்தப் பூண்டு மூடையக் கொஞ்சம் மேட்டுல தூக்கி வையி" என்பதுதான். தான் தூக்கச் சொன்ன பாரம்தான் உன் மூளையில் ரத்தத்தைக் கசியவைத்தது என்று நம்பிக்கொண்டு, ஆறு மாதமாக அந்த வயல் பக்கமே போகாமல் இருந்தாள். குழம்பில் பூண்டு போடுவதையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள்கூட வாய்விட்டு அழவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் வாசலில் நின்றேன். மத்தியானம் கேரட் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

தண்ணீருக்குள் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. "அப்ப நான் தூக்கச் சொன்னதாலே இல்லையா, மலரு?"

"இல்லம்மா. கட்டிதான்."

"நெசமாவா?"

மூன்று தடவை கேட்டாள். பிறகு, "தெரிஞ்சிருந்தா மூடையத் தொட விட்டிருப்பனா, பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நான் தடுக்கவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்றுக் காலை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அந்த மேட்டு வயலுக்குத் தனியாகப் போனாள்.

ஆன்டனியைச் சாப்பிட வரச்சொல் என்கிறாள். எனக்குத்தான் அவன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. உன்மேலும்தான்.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். என் உடம்பில் ஒரு விரல் மரத்தாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்வேன். அவள் பயப்படட்டும், அழட்டும், கூடவே ஆஸ்பத்திரிக்கு வரட்டும். அந்த இடத்தை நீ அவளுக்குக் கொடுக்கவில்லை. நான் கொடுப்பேன்.

உன்னோடு பிறந்த அக்கா,
மலர்க்கொடி