மூன்றாவது கதவு

மார்ச் 9, ஞாயிறு
இரும்புச் சட்டம் வாசலில் வந்து இறங்கியது. வெல்டர் இரண்டு சக்கரங்களையும் மாட்டி, காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். இதன் மேல் பலகையால் ஓர் அறை கட்ட வேண்டும். இரண்டு பேர் படுக்க இடம், பின்பக்கம் ஒரு சின்ன அடுப்பு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, டிரெய்லர் வந்தாச்சு. படம் எப்போ ரிலீஸ்?"

சிரித்துவைத்தேன். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. என் கணவரின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு வருடம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அதற்குள் அவருக்கு மலைமேல் இருக்கும் அந்தப் பெரிய ஏரியைக் காட்டிவிட வேண்டும்.

ஏப்ரல் 20
தளம் முடிந்தது. இருபத்தாறு வருடமாகத் தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள் நான். ஒரு நூல் பிசகினாலும் சட்டை கோணும். மரமும் அப்படித்தான். மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "கேரம் போர்டு மாதிரி இருக்கு, ஆடலாமா?" என்றார்.

ஜூன் 15
கூரைக்குப் பலகையை வளைத்தேன். ஈரத்துணி சுற்றி, நாளுக்கு ஒரு விரல்கடை. ஒன்பது நாள். ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆகஸ்ட் 3
கதவு மாட்டினேன். அடியில் மெல்லிய இடுக்கு. கழற்றிவிட்டேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே. கிளம்பலாம்," என்றார்.

"தூசியெல்லாம் உள்ள வருங்க."

"வரட்டும். நம்ம வீட்டுல இல்லாத தூசியா?"

செப்டம்பர் 14
இரண்டாவது கதவும் சரியில்லை.

அக்டோபர் 26
மூன்றாவது கதவு. மூடினால் 'டப்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். இடுக்கில் நகத்தை ஓட்டினார். உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"பிரமாதம்."

"கலர் எப்படிங்க?"

உள்ளங்கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "நீயே சொல்லேன்," என்றார்.

அக்டோபர் 27
எழுத முடியவில்லை.

அக்டோபர் 30
கேட்டேன், எப்பலேர்ந்து என்று. "ஒரு மாசமா சுத்தமா தெரியல. நீ கதவுல இருந்த. சொன்னா பாதியில விட்டுடுவ."

மூணு கதவு. மூணு மாசம். யாருக்காகச் செஞ்சேன்? அவருக்கா, இல்ல என் கைக்கா? அந்த முதல் கதவோடவே போயிருந்தா என்ன குடி முழுகியிருக்கும்? எதிர்வீட்டுக்காரர் வந்து 'அடேங்கப்பா' என்கிறார் — காது கூசுது.

நவம்பர் 9
வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றேன். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"கண்ணுதான் போச்சு. நான் போகலையே!"

மத்தியானம் முழுக்க வண்டிக்குள்ளேயே இருந்தார், கதவைச் சாத்திக்கொண்டு. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது அலமாரி விளிம்பு கொஞ்சம் உறுத்துது. தேய்க்கிற தாள் குடு," என்றார். அவரே தேய்த்தார். நான் செய்ததைவிட வழவழப்பு.

நவம்பர் 23, ஏரிக்கரை
நேற்று வந்து சேர்ந்தோம், நான்தான் கார் ஓட்டினேன். காலையில் பனி மூட்டம். எனக்கும் ஏரி தெரியவில்லை. பின்பக்கம் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டார்.

"வாங்க வாங்க. எல்லாம் என் பொண்டாட்டி கட்டினது."

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். தட்டு, போர்வை, விளக்கு. கை எங்கேயும் தடுமாறவில்லை. இவருக்குக் கண் தெரியாதது வந்தவருக்குப் புரிந்த மாதிரி இல்லை.

"சார், தலையைக் குனிஞ்சுக்கங்க. அங்க இடிக்கும்."

அந்த மனிதர் சட்டென்று குனிவது சின்ன ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் டீக்கு இன்னொரு குவளை தண்ணீர் சேர்த்து வைத்தேன்.