ஒருவர் ஆயுளுக்கு மட்டும்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறாய், போகட்டும். ஆடிட்டர் ஆபீஸில் உனக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

உன் அத்தான் அச்சகத்திலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். மொத்தமாக ஒரு தொகை வந்தது, வந்த நாளாய் வீட்டில் நிம்மதி போயிற்று. அவரோடு வேலை பார்த்து ஷேரில் காசு பார்த்த பைண்டர் தினமும் வந்து, "கவர்மெண்ட் பத்திரத்துல போட்டா பணம் தூங்கிடும்ங்க" என்று காதைத் துளைக்கிறார். வங்கிப் பெண்ணோ ஆன்யூட்டி என்கிறாள். பணத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் ஆயுளுக்கும் மாதாமாதம் அனுப்புவார்களாம். எது நல்லது, நீயே சொல்.

என் வயிற்றுக் கட்டியைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கட்டியைப் பற்றிக் கண்டதையும் நினைக்காதே.

பைண்டரை வாசலோடு அனுப்பிவிடு. ஷேர் விழுந்தால் எழும்வரை காத்திருக்கச் சம்பளம் வேண்டும், அத்தானுக்கு இனி அது இல்லை. பத்திரத்தில் வட்டி வரும், ஆனால் விலைவாசி அதைத் தின்றுவிடும். பெரும்பங்கை ஆன்யூட்டியிலும் மிச்சத்தைப் பத்திரத்திலும் போடச் சொல். ஆன்யூட்டியை இரண்டு பேர் ஆயுளுக்கும் எடுங்கள். மாதத்தொகை கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒருவர் போனால் மற்றவருக்கு வந்துகொண்டே இருக்கும். இதில் மட்டும் விளையாடாதே.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

திட்டாமல் படி. கம்பெனிப் பெண், "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டாள். அவர் "ரெண்டு பேருக்கும்" என்றார். நான்தான் தடுத்தேன். "போறவளுக்கு எதுக்குங்க பென்ஷன்? உங்களுக்கு மட்டும் எடுங்க, கூட வர்றது மருந்துக்காவது ஆகும்" என்றேன். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நீ செத்துடுவேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

புத்தி கெட்டுப் போயிற்றா உனக்கு? வாங்கி ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள இடமுண்டு. அத்தானைக் கூட்டிக்கொண்டு உடனே போ. போனதும் எழுது.

தம்பி


அடுத்த ஆண்டு, ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் காரியத்துக்கு வந்துவிட்டு அன்றே திரும்பிவிட்டாய், உட்கார்ந்து பேச முடியவில்லை. முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பாதி முகத்தில் நுரை இருந்தது. நான்தான் துடைத்தேன்.

நீ சொன்னபடி அன்று போய் மாற்றவில்லை. கூடுதலாக வந்த அந்தத் தொகையில்தான் புது மருந்து வாங்கினோம். மருந்து கேட்டுவிட்டது தம்பி, கட்டி கரைந்துவிட்டதாம். "இன்னும் இருபது வருஷம் கவலையே இல்லம்மா" என்று போன வாரம் டாக்டர் சிரித்தார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. அவர் இறந்த பிறகு தவறுதலாக அனுப்பிய ஒரு மாதத் தொகையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். பத்திரங்களை விற்ற பணம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. வாடகை பாக்கி நிற்கிறது. கொஞ்ச நாள் உன்னோடு வந்து இருக்கட்டுமா?

உன் அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ வந்து இருப்பதில் எனக்கு என்ன? பிள்ளைகள் பரீட்சை முடியட்டும் என்கிறாள் இவள். இருப்பதும் இரண்டே அறை. அப்போதே நான் சொன்னபடி செய்திருந்தால் உனக்கு இந்த நிலை வந்திருக்காது. சரி, அதைப் பேசி என்ன. இதோடு ஒரு சிறு தொகை அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

பணம் வந்தது. உன் முகவரிக்கே திருப்பிவிட்டேன், கோபத்தில் இல்லை. பிள்ளைகள் நன்றாக எழுதட்டும்.

அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். போர்வை மடிக்கும் வேலை, பின்கட்டிலேயே ஒரு கட்டில். சேரும்போது, ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்லி அனுப்ப என்று கேட்டார்கள். எதிரே தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். யார் எவள் என்று தெரியாது. அவள் சரியென்று தலையசைத்தாள்.

அக்கா