பெங்காலி பேப்பரில் உன் போட்டோ

பாலிகஞ்ச்,
விஜயதசமிக்கு மறுநாள்

குழந்தை அமலாவுக்கு, அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவின் பிரஷரைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். ஸ்வீடன் குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயோ இல்லையோ? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடுதாசி.

நவராத்திரி முதல் நாள் பெங்காலி பேப்பரில் உன் போட்டோ வந்தது. அப்பாவுக்கு அந்த பாஷை பேசத்தான் வரும், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. யாரையாவது கேட்கக் கூடாதோ? 'என் பெண்' என்று போட்டு, நம் தமிழ்க்காரர்கள் குரூப்பில் அனுப்பிவிட்டார். பசங்கள் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் இந்த ஊரில் டாலிகஞ்ச், கார்டன் ரீச் என்று வீடு வீடாகப் போய், கல்யாணமான பெண்களிடம் படுக்கையறை சமாசாரம் கேட்டு, அதை வைத்து ஸ்வீடனில் ஆராய்ச்சி செய்கிறவளாம், இதற்கு முன் இங்கே யாரும் துணியாத காரியமாம். அதுவரை லேடீஸ் ஹெல்த் என்று எல்லோரிடமும் மழுப்பி வைத்திருந்தேன். அப்பாவிடமும்தான்.

கொலுவுக்கு ஒருத்தரும் வரவில்லை. தினமும் சுண்டல் பண்ணி, வெற்றிலை பாக்கு எடுத்து வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வரும் மினோதி தீதிதான் தூக்கு நிறைய எடுத்துப் போனாள். அப்பா குரூப்பிலிருந்து விலகிவிட்டார். ஆராய்ச்சியை விட்டால்தான் நீ இந்தப் படி ஏறலாம் என்கிறார். நான் எது சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சரஸ்வதி பூஜையன்று கீழ்வீட்டு ஸ்மிதா வந்தாள். போன தை மாசம் கல்யாணமாகி வந்த பெண். மாமியார் துர்கா பந்தலுக்குப் போன சமயம் பார்த்து ஏறி வந்திருக்கிறாள். உன்னைப் பேப்பரில் பார்த்தாளாம், அமலா அக்கா எப்போது வருவாள் என்று கேட்டாள். என்னடி விஷயம் என்றேன். ஒவ்வொரு தடவையும் உயிர் போகிற வலி மாமி, எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்டுவிட்டு அழுதாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கே அது தெரியவில்லையே. குங்குமம் இட்டு, ரவிக்கைத்துணி கொடுத்து அனுப்பினேன். வேறே என்ன செய்யத் தெரியும் எனக்கு?

அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மத்தியானம் மாமியார் தூங்கும்போது கூப்பிடு.

உன்னைப் பார்த்து வருஷமாகிறது. கார்த்திகைக்கு வா என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வா என்று அப்பா உனக்கு போன் பண்ணுவார். அதட்ட மாட்டார், அழுவார். நீ இளகிவிடுவாய், எனக்குத் தெரியாதா? சமத்தாயிரு, சொன்னதைக் கேள் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். நன்றாயிருப்பாய் நீ. இந்த ஒரு தடவை சமத்தாயிருக்காதே, ராஜாத்தி.

உன் அம்மா,
சாவித்ரி