அரியலூர் மணற்கல்லும் என் கையெழுத்தும்

இன்று காலை பல் டாக்டரிடம் போயிருந்தேன். அவர் பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டதும் தித்திப்பாக ஒரு வாடை மண்டைக்குள் ஏறியது. "வலிக்குதுங்களா சார்?" என்றார். வலிக்கவில்லை, அந்த வாடைதான். நம் ஆய்வகத்தில் மணலைப் பிரிக்க வைத்திருந்தோமே, அந்தக் கனத்த திரவத்தின் வாடை. அதில் மணலைக் கொட்டினால் சாதாரண மணல் மிதக்கும். கண்ணாடிப் பொடி போன்ற சிர்கான் மணிகள் மட்டும் அடியில் இறங்கும்.

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நேரில் சொல்லத் துப்பில்லாததை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். அரியலூர் மணற்கல்லில் இருக்கும் மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலைதான் என்று அவர் காலகாலமாகச் சொல்லிவந்தார். "பாறை உடைஞ்சு மணலாப் போனாலும் சிர்கான் தன் வயசை மறக்காதுய்யா," என்பாய் நீ. மணியின் வயது தெரிந்தால் தாய்ப்பாறை தெரிந்துவிடும்.

உடையார்பாளையம் பக்கம் உன் ஊர். உன் அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர்கள். ஓடைக்கரையில் கல்லை நீ உடைத்தாய். சேர்ந்து இடித்தோம், சலித்தோம். ஒவ்வொரு தடவையும் சல்லடையை பிரஷ்ஷால் தேய்த்து, லென்ஸ் வைத்துக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பாய். "வேற மணல் ஒரு மணி ஒட்டிக்கிட்டிருந்தாலும் எல்லாம் பொய்யாப் போயிடும்." அப்படி ஒரு சுத்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

வயது பார்க்க அனுப்பிய ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. பச்சைமலைப் பாறையின் வயது சில மணிகளுக்குத்தான் இருந்தது. பாதிக்கு மேல் மிகவும் இளையவை. தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் பாறைகளின் வயது அது.

"சாம்பிள்ல கலப்படம்," என்றார் பேராசிரியர். என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அவன் கை சுத்தம் அவ்வளவுதான்யா. வளந்த எடம் அப்படி. நீ கூடவே இருந்தவன். எழுதிக் குடு."

சல்லடை சரியாகக் கழுவப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

உன்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். நீ மறுபடி பஸ் ஏறி அரியலூர் போய்ப் புதுக் கல் உடைத்து வந்தாய். வேறொரு கல்லூரியில் தெரிந்தவரிடம் கெஞ்சி ஆய்வகத்தில் இடம் வாங்கி, தனியாளாகப் பிரித்து அனுப்பினாய். அதே வயதுகள்தான் வந்தன. அந்தத் தாளைப் பேராசிரியர் மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய்.

அடுத்த வருடம் கட்டுரை வந்தது. மணல் தெற்கிலிருந்து வந்ததாம்; அவரே கண்டுபிடித்தாராம். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. நன்றி சொன்ன இடத்தில்கூட நீ இல்லை. அந்த அசிங்கத்தைக் காட்டித்தான் நான் வேலை வாங்கினேன்.

நீ தா.பழூரில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனாய். ஒருமுறை வந்தேன். உன் மனைவி இலை போட்டார். "மணல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, சந்தோசந்தான்," என்றாய். பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "அந்தாளு எழுதச் சொல்லுவாருன்னு தெரியும். நீ ஏன்யா எழுதுன? பக்கத்துல நின்னு பாத்தியே!"

நான் உன் மனைவியிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

பயந்து எழுதினேன் என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமெல்லாம் இல்லை. எழுதி முடித்ததும் பேராசிரியர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டு வாசல்வரை நடந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இன்னும் என் உடம்பில் எங்கோ இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் என் தோலை நானே உரித்துப் போட்டுவிடலாம் போலிருக்கிறது.