வீட்டுக்கு வந்த பிரேசில்காரர்

அன்பு வாண்டுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் நலம் என்று போன வாரம் எழுதியிருந்தாய், பாதியை நம்பிவிட்டேன், மீதியை நீ நேரில் வந்து நிற்கும்போது நம்பிக்கொள்கிறேன். உன் அறை ஜன்னலின் கொக்கியை மாற்றியாயிற்று, இனி காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளாது. கீழ்வீட்டில் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருக்கிறார்கள், எதிரில் பார்த்தால் சிரிக்கிறார்கள், கதவைச் சாத்தியதும் சண்டை போடுகிறார்கள், மொத்தத்தில் நல்லவர்கள் என்றே தோன்றுகிறது.

உன் பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று அடுக்கு அட்டையையும் உன் பழைய சட்டை ஒன்றையும் பிரித்தால் உள்ளே அந்தச் சின்ன இசைத்தட்டு. உறையில் இருந்த எழுத்துகளை நான் அரைமணி நேரம் பார்த்தும் படிக்க முடியவில்லை, பிடுங்கிப்போட்ட செடியின் வேர்மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிழை திருத்துவதே வேலையாக இருக்கிற எனக்கு அது ஒரு சவால்தான். ஒரு பக்கம் நம்ம பிரேசில் பேக்கரிக்காரங்க, மறுபக்கம் எங்க குழு, அப்பாவுக்கு மட்டும் போட்டுக் காட்டாதீங்க சித்தி என்று துண்டுச்சீட்டில் எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை நான் மணந்தபோது உனக்குப் பதினேழு வயது, எனக்கு இருபத்தெட்டு. உன்னோடு எதைப் பேசுவது என்று தெரியாமல் நான் தவித்தது உனக்கே தெரியும். நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில், என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று விசாரித்தேன், அசுர வேகத்தில் கத்திப் பாடும் த்ராஷ் இசைக்குழு ஒன்றின் பெயரைச் சொன்னாய், பிரேசில் நாட்டுக்காரர்கள். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்றுதான் கேட்க உட்கார்ந்தேன். கரண்டிகள் நிறைந்த டிராயர் ஒன்று மாடியிலிருந்து உருண்டு வருவதுபோல இருந்தது. நான்காம் முறை கேட்டபோது கரண்டிகளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது பிடிபட்டது. பிறகு என் பழக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது, புத்தகத்தை எடுத்தால் அடிக்குறிப்பை முதலில் படிக்கிறவள்தானே நான். ஒவ்வொரு உறையின் மூலையிலும் பொடி எழுத்தில் நண்பர்களின் குழுக்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த நன்றியைப் பிடித்துக்கொண்டு அடுத்த குழுவுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த குழுவுக்கும் போனால், நாடறிந்தவர்களில் தொடங்கி அவர்கள் தெருவுக்கு மட்டுமே தெரிந்தவர்களிடம் வந்து நிற்கிறோம். நம் பேக்கரிக்காரர்கள் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ரொட்டி சுடும் வேலை முடிந்து கார் நிறுத்தும் கொட்டகையில் பதிவு செய்தார்களாம், அரை நிமிடத்துக்கு ஒரு பாட்டு, நடுவில் வீட்டு நாய் வேறு குரைக்கிறது. அந்த நாய்தான் குழுவிலேயே தாளம் தவறாத ஆள் என்று நீ எழுதியிருந்தாய், அலுவலகத்தில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன். பக்கத்து மேஜை வடிவமைப்பாளர் அதுவரை நான் ஏதோ மொழிப்பாடம் கேட்கிறேன் என்று நினைத்திருந்தார். ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, உள்ள ஏதோ உடையுதுங்க" என்று பயந்து திருப்பிக் கொடுத்தார். உன் பார்சல் வந்த செய்தியைக் கேட்டு, தன் வீட்டுப் பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரேதான். நாம் இருவரும் தேடிக் கண்டுபிடித்தவர்களோடு நீ ஒரே தட்டில் இருக்கிறாய் என்பதை நினைத்தால் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பல் கிளினிக்கில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் உன் பக்கத்தைப் போட்டேன். அன்று பார்த்து அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்து, நோயாளிகளை அனுப்பிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். ஒரு கால் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். யார் இது என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வேறு எதுவும் வாயில் வரவில்லை, பிரேசில்காரர் என்று சொல்லிவிட்டேன். மறுபக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மைதானே. அவர் திட்டவில்லை வாண்டு. ஷூவோடு உட்கார்ந்துவிட்டார். "பாடறவருக்கு ஒரு அறுபது வயசு இருக்குமா? ரொம்ப நாள் பேசாம இருந்துட்டு இப்பதான் வாயைத் தொறந்த ஆள் மாதிரி இருக்கு" என்றார். உன் பாட்டை முன்பு முதன்முதலாகக் கேட்டபோது, பல் பிடுங்க என் நாற்காலியில் உட்காருகிறவர்கள்கூட இப்படிக் கத்துவதில்லை என்று சொல்லிச் சிரித்தாரே, அதே மனிதர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் நேராகப் பேசி இரண்டு வருடமாகிறது. அப்பா மாத்திரை போட்டாரா என்று நீயும், அவள் ஸ்வெட்டர் வாங்கினாளா என்று அவரும் கேட்க, நடுவில் நான் தபால்காரியாக ஓடிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் மாலையில் வந்து, எங்கே அந்தப் பெரியவர், போடு பார்ப்போம் என்கிறார். நீ சொன்னதை மீறிவிட்டேன் என்று உறுத்திக்கொண்டே போட்டேன். நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவர் கண்ணை மூடி உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அது உன் குரல்மாதிரி இல்லையே என்ற குழப்பம் எனக்கும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர்களின் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். நாய் எருமைமாதிரி குரைத்தது. அப்போதுதான் கருவியின் ஓரத்தில் வேகத்தை மாற்றும் ஸ்விட்ச் ஒன்று இருப்பதையே பார்த்தேன். பெரிய தட்டுகளுக்கான மெதுவான வேகத்தில் உன்னை இத்தனை நாளும் ஓடவிட்டிருக்கிறோம். வேகத்தைச் சரிசெய்து உன் பக்கத்தைப் போட்டேன். உள்ளே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அப்பா, இது வேறு ஆளா என்று கேட்டுக்கொண்டே வந்தார், வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கத்துவதற்கு முன்னால் நீ ஒரு மூச்சு இழுக்கிறாயே, அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார். "இது ஊசி போடறப்போ அவ இழுக்கற மூச்சு" என்றார். தட்டு முடிந்தது, ஆரஞ்சு பாதிதான் உரிந்திருந்தது. திரும்பப் போடு என்றார். போட்டேன். இவள்தான் என்று உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன். என்னைத் திட்டவில்லை. பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்தார், அத்தனையும் கோணல், நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இருந்ததையும் நானே கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நேற்று மாலை நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பிரேசில்காரருக்கு எழுதறப்போ, தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லு. வேகமாப் பாடறதுதான் நல்லா இருக்குன்னும் சொல்லு. மெதுவா ஓடினப்போ அவர் துக்கமா இருக்கார்னு நானா நெனச்சுக்கிட்டேன், அவர் கோவமால்ல இருந்திருக்கார்" என்றார். எழுந்து போனவர் கதவருகே நின்று திரும்பி, "இந்தப் பக்கம் வர்றதா இருந்தா வெளிய ரூம் எல்லாம் எடுக்க வேணாம், நம்ம வீட்டுலயே தங்கலாம்" என்றார். அவர் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. அதை நீ எதிர்பார்த்தால் தப்பில்லை, காத்திருக்க விரும்பினாலும் தப்பில்லை. என் மேல் கோபப்படுவதாக இருந்தால் அதை எனக்குத் தனியாக எழுது, இதோடு சேர்க்காதே.

ஒத்திகைக்குப் போகும்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள், இது நான் சொல்வது, அவர் அல்ல. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, நன்றி சொல்லும் மூலையில் உன் டிரம்மரின் பெயரை இனிமேலாவது பெரிதாகப் போடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், குரல் நூறு வருடம் கெடாமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றை நினைவில் வை. இனி நான் தபால்காரி வேலை பார்ப்பதாக இல்லை. மதியம் உதவியாளர் சாப்பிடப் போகிற நேரத்தில் கிளினிக் போனை அப்பாவே எடுப்பார். எடுத்ததும் யார் பேசுவது என்று கேட்பார். என்ன பதில் சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உன் நினைவாகவே இருக்கும்
சித்தி