எல்லோருக்கும் திறந்துவிட்ட உச்சிமாடி

அன்புள்ள அம்மாவுக்கு, மாரிவிக் பணிவோடு எழுதுவது. லாஸ் வேகாஸில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் இலோய்லோவில் மழை விட்டதா?

எங்கள் சூதாட்ட விடுதியின் உச்சிமாடி அறைகள் இதுவரை பெரும்பணம் வைத்து ஆடுபவர்களுக்கு மட்டுமே. நாங்கள் துடைக்கப் போனால் கூடவே காவலாள் வருவார். இப்போது யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். துப்புரவுக்கு நான் தனியாகப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். குளியலறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அறையை வாடகைக்கு எடுத்தவர் திரும்பி வந்து கதவைத் தாழிட்டார்.

"இவ்ளோ பெரிய ரூம்ல ஒத்தையா சாப்பிட முடியல. உக்காரு."

"வேலை இருக்கு சார்."

"நான் சொல்றப்பதான் போவ."

ஆபத்தில் காவலரை அழைக்க இடுப்பில் மாட்டியிருக்கும் அபாயப் பொத்தானை அழுத்தினேன். அது சத்தம் போடாது. கீழே யாருக்கும் தெரிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்தேன். அவர் வெட்டிக் கொடுத்த இறைச்சியை மெல்லாமலே விழுங்கினேன்.

கடைசியில் காவலர் கதவைத் தட்டினார். அறையிலிருந்தவர் சிரித்தபடி திறந்து, "சும்மா பேசிட்டிருந்தோம்," என்றார்.

"அப்படியாம்மா?" என்று காவலர் என்னைக் கேட்டார்.

"இல்ல," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அன்றே அந்த ஆளை விடுதியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.

என்னோடு வேலை செய்யும் அல்மாஸ், "நானா இருந்தா சிரிச்சு மழுப்பியிருப்பேன்டி," என்றாள். எனக்கு இன்னும் அதே மாடிதான்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் ஜெபமாலை சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள், காதில் போட்டுக்கொள்கிறேன். நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள் அம்மா. அந்த அறைகளைத் துடைத்து முடிக்க நெடுநேரம் ஆகிறது.

உங்கள் மாரிவிக்