கடலால் வந்த கிழவி

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

கண்ணான மகன் ஸஹீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் அருளால் நடமாடித் திரிகிறோம், கட்டார் நாட்டு வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதே எங்கள் துஆ. இது போனில் கதைக்கிற கதை இல்லை, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற சரீப் கொண்டுவரும் பொதிக்குள் இதை வைக்கிறேன்.

மகன், உன் கலியாணத்தை நிப்பாட்டத்தான் நான் போனேன். பதறாமல் முழுக்க வாசி. றிபாவை உனக்குப் பேசியதிலிருந்து எனக்கு ஒரே கனவு. கடலால் ஒரு கிழவி ஏறி வருகிறாள், தலையெல்லாம் ஈரம், சின்னப் பிள்ளையாய் நிற்கிற உன்னைத் தூக்கிக் கொஞ்சிக் கொஞ்சியே அலைக்குள் இறங்குகிறாள். கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் துப்பி, அல்லாஹ்விடம் காவல் தேடி அஊது ஓதி, ஒருவருக்கும் சொல்லாமல் விட வேண்டும் அல்லவா, வாப்பாவிடம்கூட நான் மூச்சுவிடவில்லை. இந்தச் சம்பந்தம் உன் உயிருக்கு ஆகாது என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன்.

போன கிழமை கல்முனையில் சீனி வருத்தக் கிளினிக் வாங்கில் குந்தியிருக்கிறேன், பக்கத்தில் பாண்டிருப்பு சுஜித்தா. அவளுடைய மகன் வினோஜ் கனடா போகப் போகிறான். கனவைச் சொல்லக்கூடாது என்ற கட்டு சைவக்காரியான அவளுக்கு ஏது, வாங்கு முழுக்கக் கேட்கச் சொல்கிறாள், கடலுக்குள்ள இருந்து ஒரு கிழவி வந்து என்ட பிள்ளையக் கொஞ்சிக் கொஞ்சித் தூக்கிட்டுப் போறாளக்கா என்று. யா அல்லாஹ்! என் தலைக்குள் இருந்தவள் அவள் தலைக்குள் எப்படிப் போனாள்? இனிப் பொறுக்கக்கூடாது என்று மருந்தும் எடுக்காமல் ஆட்டோ பிடித்து நேரே சாய்ந்தமருதுக்கு, றிபா வீட்டுக்குப் போனேன்.

நான் வாய் திறக்குமுன் றிபாவின் உம்மா நஸீறா அழத் தொடங்கினாள். ராத்தா, குறை நினைக்காதீங்க, இந்தக் கலியாணம் வேணாம், கடலால ஒரு கிழவி வந்து என்ட புள்ளயக் கொண்டுபோறா என்றாள். நீ றிபாவைக் கட்டாருக்குக் கூட்டிப்போவாய் என்ற பயம் அவளுக்கு. அவளும் என்னைப் போலத் துப்பித் துப்பி ஒளித்தே வைத்திருக்கிறாள்! கதிரையில் தொப்பென்று விழுந்தேன். இரண்டு உம்மாமாரும் வாயைப் பொத்திக்கொண்டே உங்கள் வாழ்வை முறிக்கப் பார்த்திருக்கிறோம்.

கெம்பஸில் உளவியல் படித்தவள் அல்லவா றிபா, தேத்தண்ணியோடு வந்து நின்று சொல்கிறாள், மாமி, இது உங்கட கனவும் இல்ல, உம்மாட கனவும் இல்ல, பிள்ள பிரியிற நேரம் எல்லா நாட்டுத் தாய்மாரும் இந்தக் கிழவியக் காணுவாங்க, கடல் இல்லாத ஊருல காட்டால வருவா, மனுசர்ட மனசுக்கு அடியில ஒரே கிணறுதான் என்று. எனக்குப் பாதி விளங்கவில்லை.

நேற்றிரவும் கனவில் அந்தக் கிழவி வந்தாள். இந்தத் தரம் பயந்து முழிக்காமல் முகத்தைப் பார்த்தேன். என் முகம், மகன். கலியாணம் முடித்தால் நம் ஊர் வழக்கப்படி நீ பொண் வீட்டுக்குரியவன், இனி லீவில் வந்தாலும் சாய்ந்தமருதில்தான் இறங்குவாய். அதைப் பொறுக்காமல் உன்னைக் கடலுக்குள் இழுத்தவள் நானேதான். நஸீறாவுக்கு இதைச் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நஸீறாவும் மனம் மாறிவிட்டாள், நிக்காஹ் நாளில் மாற்றமில்லை. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பறக்கத் செய்வானாக. சுபஹுத் தொழுகையை விடாதே, பொதியில் வைத்த தொதல் இனிப்பை அறையில் எல்லோருக்கும் பங்கிடு, லீவை இப்போதே கேட்டுவை. வந்ததும் முதலில் றிபா வீட்டுக்கே போ.

உன்னை விடப் பழகுகிற உம்மா,
றுகையா